‘லேடீஸ்லாம் இங்க வாங்க!’ வேண்டாம், வேறென்ன சொல்லலாம்? புது சூப்பர்வைசர்களுக்கு

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரை, ஷட்டர் பாதி ஏறியிருக்கிறது. புடவை செக்‌ஷனில் 14 பெண்கள். ஒருவருக்கு 19 வயது, ஒருவருக்கு 52, மற்றவர்கள் நடுவில். அவர்களை ஒன்றாகக் கூப்பிட்டு இன்றைய ஸ்டாக் விவரம் சொல்ல வேண்டியவர் நேற்று சேர்ந்த 24 வயது ஃப்ளோர் சூப்பர்வைசர். அவர் வாயில் முதலில் வரவேண்டிய சொல் எது என்பதில் தொடங்குவோம். ஆஸ்பத்திரி வார்டு, எக்ஸ்போர்ட் கம்பெனி, காசிமேட்டு மீன் ஏலக்கூடம் என்று இடம் மாறினால் என்ன மாறும் என்பதை அங்கங்கே சொல்கிறோம்.

படி 1: ‘பெண்’ என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள்

‘லேடீஸ்லாம்’ என்றால் பஸ் கண்டக்டர் குரல் கேட்கும். ‘பெண்களே’ பட்டிமன்றம். ‘தாய்மார்களே’ ஓட்டு கேட்டு வரும் ஆட்டோ மைக். ‘பொண்ணுங்களா’, ‘கேர்ள்ஸ்’ என்றால் 52 வயதுக்காரர் சிரிப்பார், 19 வயதுக்காரருக்கு ஸ்கூல் பிரேயர் ஞாபகம் வரும். ‘பொம்பளைங்க’ என்ற சொல்லை வேலையிடத்தில் எடுக்கவே வேண்டாம்.

இவற்றுக்குப் பதிலாக செக்‌ஷன் பெயரை வைத்துக் கூப்பிடுங்கள்:

“புடவை செக்‌ஷன்ல இருக்கறவங்க எல்லாரும் ரெண்டு நிமிஷம் கவுன்ட்டர் கிட்ட வர்றீங்களா?”

சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அந்தக் கூட்டத்தில் இரண்டு ஆண்கள் நின்றிருந்தாலும் இதே வாக்கியத்தைச் சொல்லியிருப்பீர்களா? ஆமாம் என்றால் சரி. நைட் ஷிப்ட் வேன், கேட்டில் பை செக்கிங் போல பெண்களுக்கு மட்டுமான விஷயம் என்றால் மட்டும் ‘பெண் ஊழியர்கள்’, பேச்சில் ‘லேடீஸ் ஸ்டாஃப்’ என்று சொல்லலாம்.

ஆஸ்பத்திரியில் ‘சிஸ்டர்ஸ் எல்லாரும்’ என்பதில் தப்பில்லை. அங்கே அது உறவுமுறை அல்ல, வேலையின் பெயர்.

படி 2: கைதட்டாமல் கூப்பிடுங்கள்

கைதட்டல், சொடக்கு, ‘உஷ்’, ‘ஹலோ’ எதுவும் வேண்டாம். கடைசி வரிசையில் நிற்பவருக்கும் உங்கள் முகம் தெரியும் இடத்துக்குப் போய் நின்று, ‘எல்லாருக்கும் வணக்கம்’ என்று சொல்லிவிட்டு மூன்று விநாடி பேசாமல் இருங்கள். பேச்சு தானாக அடங்கும்.

வினையை எப்படி முடிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். ‘வாங்க’ சாதாரணம், ‘வாங்களேன்’ கொஞ்சம் இளக்கம், ‘வர்றீங்களா’ பதமானது. ‘வர முடியுமா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். கடைக்குள் அது குத்தலாகத்தான் காதில் விழும்.

ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசுவதாக இருந்தால் உட்காரச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. நாள் முழுக்க நிற்பவர்களை நிற்க வைத்துக்கொண்டே எத்தனை ‘ங்க’ போட்டாலும் ஒட்டாது.

படி 3: ஒருவர் பக்கம் திரும்பும்போது

சறுக்கல் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. கூட்டத்திடம் ‘வாங்க, உக்காருங்க’ என்பது பன்மை. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொல்வோம். ஆகவே கூட்டமாகப் பேசும்வரை உங்கள் மரியாதை உண்மையானதா, இலக்கணமா என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் பக்கம் திரும்பிய அந்த நொடியில் தெரிந்துவிடும்.

“எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க. நீ என்னம்மா அங்கயே நிக்கற?”

முதல் வாக்கியத்தில் 14 பேருக்கும் கொடுத்த மரியாதையை இரண்டாவது வாக்கியம் பிடுங்கிக்கொண்டது. அந்த ஒருவரிடமிருந்து மட்டுமல்ல, மற்ற 13 பேரிடமிருந்தும். நாளைக்கு நமக்கும் ‘நீ’தான் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். 19 வயதுக்காரர் என்றாலும் “நீங்களும் வந்துடுங்க” என்றே சொல்லுங்கள். பெயர் தெரிந்தால் பெயரோடு. இதற்காகவே முதல் வாரத்தில் 14 பெயரையும் மனப்பாடம் செய்துவிடுவது நல்லது.

தவறி ‘நீ’ வந்துவிட்டதா? “நீ… நீங்க சொல்லுங்க” என்று அதே மூச்சில் திருத்திக்கொண்டு மேலே போங்கள். நின்று விளக்கம் கொடுத்தால் இன்னும் சங்கடம்.

படி 4: அக்கா, அம்மா, மேடம்

கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு ‘மேடம்’, பெருக்கித் துடைப்பவருக்கு ‘ஆயா’. பல இடங்களில் பழக்கம் இப்படித்தான் இருக்கிறது, பழக்கம் என்பதாலேயே கண்ணில் படுவதில்லை. ஒரே மீட்டிங்கில் இருவரும் இருந்தால் இருவருக்கும் ஒரே விளி கொடுங்கள். ‘மேடம்’ என்றால் இருவருக்கும் மேடம், ‘அக்கா’ என்றால் இருவரும் அக்கா. வேலையைக் குறிக்கும்போது ‘தூய்மைப் பணியாளர்’ என்று சொல்லுங்கள்.

உங்களைவிட மூத்தவர் என்று நிச்சயமாகத் தெரிந்தால்தான் ‘அக்கா’. உங்கள் வயதுக்காரரை அக்கா என்றால் “நான் இன்னா உனக்கு அக்காவா?” என்று திருப்பி வரும், வந்தால் நியாயம்தான். ‘ஆன்ட்டி’ யாருக்குமே வேண்டாம். திருநங்கை ஒருவர் குழுவில் இருந்தால் மற்றவர்களுக்கு எந்த விளியோ அவருக்கும் அதே.

காசிமேட்டில் மீன் வாங்கி விற்பவர்களிடம் ‘மேடம்’ என்றால் ஏதோ ஆபீசர் வந்திருக்கிறார் என்று பேச்சு நின்றுவிடும். அங்கே “யக்கா, எல்லாரும் கொஞ்சம் கேளுங்க” என்பதுதான் எடுபடும்.

படி 5: ஒட்டுச் சொற்கள்

‘வாங்கம்மா’ என்பதை அறுபது வயதுக்காரர் சொன்னால் அன்பு. 24 வயது சூப்பர்வைசர் ‘சீக்கிரம் வாங்கம்மா’ என்றால் மாடு ஓட்டுவது போல் இருக்கும். ‘ப்பா’ நம் ஊரில் பெண்கள் தங்களுக்குள்ளேயே சொல்லிக்கொள்வது. பழகியபின் நீங்களும் சொல்லலாம். ‘இன்னாமே’, ‘வாடி’ எல்லாம் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் நீங்கள் சேரலாம், சொல்லில் சேரக்கூடாது.

‘செல்லங்களா’, ‘அழகிகளே’ வகையறா விளையாட்டுக்கும் வேண்டாம். பெண் விரும்பாத, பாலியல் சாயலுள்ள பேச்சும் 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துக்குள் வரும். 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு கட்டாயம்.

படி 6: இல்லாதவரைப் பற்றிச் சொல்லும்போது

“அந்தப் பொண்ணு சொல்லுச்சு”, “அதுங்க இன்னும் வரல.” வீட்டில் நாம் இப்படித்தான் பேசுகிறோம், அதில் இளக்காரம் கிடையாது, பல சமயம் பாசம்தான். ஆனால் மேனேஜர் முன்னாலோ மைக்கிலோ சொல்லும்போது ஆள் அஃறிணை ஆகிவிடுகிறார். “அவங்க சொன்னாங்க”, “ரெண்டு பேர் இன்னும் வரல” என்று மாற்றுங்கள்.

படி 7: நோட்டீஸ், வாட்ஸ்அப்

வாட்ஸ்அப் குழுவில் ‘அனைவருக்கும் வணக்கம்’ போதும். சுற்றறிக்கைக்கு ‘அன்புடையீர்’ கைகொடுக்கும். ஒருவருக்கும் பொருந்தும், நூறு பேருக்கும் பொருந்தும், ஆண் பெண் பேதமில்லை. பெயர்ப்பட்டியலில் யார் திருமதி, யார் செல்வி என்று விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம். எல்லாப் பெயருக்கும் முன்னால் ‘திருமிகு’ என்று போடுங்கள்.

இவ்வளவும் செய்தபின் 52 வயதுக்காரர், “மேடம்லாம் வேணாம் தம்பி, அக்கான்னே கூப்பிடு” என்பார். அவரை அக்கா என்றே கூப்பிடுங்கள். அவர் உங்களை ‘நீ’ என்பது அவர் உரிமை, நீங்கள் ‘நீங்க’தான். மற்ற 13 பேர் இன்னும் அப்படிச் சொல்லவில்லை.