ஆண் கணவாயின் இனப்பெருக்கக் கை: அடிக்கடி நேரும் தவறுகள்

ஆண் கணவாய், விந்தைப் பெண்ணிடம் சேர்க்கவென்று மாறியமைந்த தன் இனப்பெருக்கக் கையை அறுத்துப் பெண்ணிடம் கொடுத்துவிடும் என்று பொது அறிவுக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. கை கழன்றுபோவது ஆர்கொனாட்டும் அதன் நெருங்கிய உறவுகளுமான சில ஆக்டோபஸ்களில் மட்டும்தான். பெண்ணிடம் ஒட்டியிருந்த அப்படியொரு கையை ஒட்டுண்ணிப் புழு என்று எண்ணி, பிரெஞ்சு அறிஞர் கூவியே 1829இல் ‘ஹெக்டோகோடைலஸ்’ என்று பெயரிட்டார். நூறு கிண்ணங்கள் என்று பொருள். கணவாயின் இனப்பெருக்கக் கைக்கும் பின்னர் அதே பெயர் வந்தது. குழப்பமும் கூடவே வந்தது. கணவாயின் கை உடலோடு இருந்தபடியேதான் விந்துப்பொதிகளைப் பெண்ணிடம் சேர்க்கிறது.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது: எல்லா ஆண் கணவாய்க்கும் இந்தக் கை உண்டு என்று நம்புவது. ஆழ்கடலில் வாழும் பல இனங்களுக்கு அது கிடையாது. ராட்சதக் கணவாய்க்கும் இல்லை. அவற்றில் நீண்ட ஆண்குறிதான் அந்த வேலையைச் செய்கிறது. தென் அமெரிக்காவின் தென்கோடியான பட்டகோனியாவை ஒட்டிய கடலில் பிடிபட்ட, ஒனிகியா இன்ஜென்ஸ் என்னும் கணவாய் இனத்தின் ஆண் ஒன்று, கைகள் அசையக்கூட வலுவில்லாமல் கிடந்தது. ஆய்வாளர்கள் உடலைப் போர்த்தியிருக்கும் மேலுறையைத் திறந்தார்கள். வெளியே சற்றே நீட்டிக்கொண்டிருந்த குறி சட்டென்று விறைத்து 67 செ.மீ. வரை நீண்டது, ஏறக்குறைய அந்த உடலின் முழு நீளம். 2010இல் வெளியான இந்தக் குறிப்பைப் படித்த பிறகு, விந்தைச் சேர்க்கும் உறுப்பைக் கைகளில் மட்டும் தேடிக்கொண்டிருக்க யாருக்கும் மனம் வராது.

இனப்பெருக்கக் கை இருக்கும் இனங்களிலும் அது எத்தனையாவது கை என்று எண்ணுவதில் தடுமாறுகிறோம். எட்டுக் கைகளை நான்கு இணைகளாக எண்ண வேண்டும். முதுகுப்பக்கம் முதல் இணை, நீரைப் பீய்ச்சும் குழாயான புனல் இருக்கும் வயிற்றுப்பக்கம் நான்காம் இணை. இரையைப் பிடிக்கும் நீண்ட கரங்கள் இரண்டும் இந்தக் கணக்கில் சேராது. ஜப்பானின் மின்மினிக் கணவாயில் வலது நான்காம் கை இனப்பெருக்கக் கையாக மாறியிருக்கும். ஹிஸ்டியோடியூதிஸ் என்னும் கணவாய் இனங்களிலோ முதுகுப்பக்க முதல் இணையைப் பார்க்க வேண்டும். இடம் வலம் என்பது விலங்கின் இடம் வலம். புனல் மேலே தெரிய, கைகள் நமக்கு அப்பால் நீண்டிருக்கக் கிடத்தினால், அதன் இடக்கை நம் வலப்பக்கம் வந்துவிடும்.

அறுந்து மறுபடி வளரும் கை நுனியையும் கவனியுங்கள். அங்கே உறிஞ்சிகள் சிறுத்திருப்பதைக் கண்டு இனப்பெருக்கக் கை என்று குறித்துவிடக் கூடாது. இளம் ஆணில் மாற்றம் இன்னும் தோன்றாமலும் இருக்கலாம்.

உடலில் விந்துப்பொதி ஒட்டியிருந்தால் அது பெண் என்று முடிவு கட்டுவதும் தவறு. கலிபோர்னியாவின் மாண்டரே விரிகுடாவில், ஆளில்லா நீர்மூழ்கிகள் எடுத்த ஆக்டோபோடியூதிஸ் டெலெட்ரான் என்னும் ஆழ்கடல் கணவாயின் படங்களை ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். பெண்களின் உடலில் காணப்பட்ட அளவுக்கு ஆண்களின் உடலிலும் விந்துப்பொதிகள் ஒட்டியிருந்தன. இந்த இனத்துக்கும் இனப்பெருக்கக் கை இல்லை. கையில் கிடைத்த மாதிரி ஆணா பெண்ணா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், மேலுறையைத் திறந்து உள்ளே இருப்பது விதைப்பையா சினைப்பையா என்றுதான் பார்க்க வேண்டும்.