பங்குப் பள்ளிக்கு நிதி திரட்டும் உணவு விழா: முதன்முறை நடத்துவோருக்கான செய்முறை

பெங்களூரில் லிங்கராஜபுரம், ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன் போன்ற, தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் பகுதிகளில், ஆலயத்தின் மதிலை ஒட்டியே ஒரு சிறிய கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி இருப்பது நமக்குப் பழகிய காட்சிதான். கட்டணம் குறைவாக வாங்கும் இத்தகைய பள்ளிகளில் ஆசிரியர்களின் சம்பளம் போக மிஞ்சுவது சொற்பம் என்பதால், தண்ணீர்க் குழாய் பழுதானாலும் நூலகத்துக்கு ஓர் அலமாரி வேண்டுமென்றாலும் பெற்றோரும், அந்த ஆலயத்தைச் சேர்ந்த பங்கு மக்களும்தான் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. அப்படியொரு பள்ளியின் பெற்றோர்–ஆசிரியர் சங்கத்தில் மூன்று ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன் என்ற முறையில், ஞாயிறு திருப்பலிக்கு (பூசைக்கு) பின் நடத்தும் ஒருநாள் உணவு விழாவை எப்படி ஏற்பாடு செய்வது என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: தேவையை எழுதுங்கள்

"பள்ளியின் வளர்ச்சிக்கு உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால், மக்கள் மரியாதைக்கு ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். "பிள்ளைகள் சாப்பிடும் முன் கைகழுவ ஆறு குழாய்கள், அவற்றின் கீழே ஒரு நீண்ட தொட்டி" என்று கேட்டுப் பாருங்கள், யாராவது ஒரு கொத்தனார் தானாகவே வந்து சுவரை அளந்து பார்ப்பார். குறைந்தது இரண்டு பேரிடம் செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். எடுத்துக்காட்டாக அது 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இனி எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் அந்த ஒரே எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

இந்தக் கட்டத்திலேயே ஒரு விதியையும் எழுதிவைத்துவிடுங்கள்: பிள்ளைகள் வழியாகப் பணம் கேட்கக் கூடாது. வகுப்புக்கு இவ்வளவு என்று இலக்கு வைத்து, பிள்ளையின் டைரியில் சீட்டு ஒட்டி அனுப்பும் பழக்கம் பல இடங்களில் உண்டு. தாய் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையிலும் தந்தை பெயின்ட் வேலையிலும் இருக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை, அந்தச் சீட்டை யாருக்கும் காட்டாமல் பையின் அடியில் ஒளித்துவைப்பதை நான் பார்த்திருக்கிறேன். பணம் தர இயலாதவர் இரண்டு மணி நேர உழைப்பைத் தரலாம் என்று முதல் அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: அனுமதியும் வங்கிக் கணக்கும்

தலைமையாசிரியையான சிஸ்டரிடமும் பங்குத்தந்தையிடமும் தேவையையும் மதிப்பீட்டையும் காட்டி, எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். பள்ளி எந்த அறக்கட்டளை அல்லது சங்கத்தின் பெயரில் இயங்குகிறதோ அதன் கணக்கில்தான் பணம் சேர வேண்டும். முதல் ஆண்டு விழாவில், அவசரத்துக்கு என்று என் சொந்த யுபிஐ கியூஆர் அட்டையை மேசையில் ஒட்டிவைத்தேன். ஒரு பைசாகூடக் குறையவில்லை. இருந்தாலும் என் வீட்டு மளிகைச் செலவுக்கு நடுவே விழாப் பணத்தைப் பிரித்துக் காட்டி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. பள்ளி வாசலில் ஒரு தந்தை, "அண்ணா, அந்தப் பணம் ஸ்கூலுக்குப் போய்ச் சேர்ந்துடுச்சா?" என்று மிகப் பணிவாகக் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. அவர் கேட்டது நியாயம்.

பெரிய தொகை தர முன்வருபவர்கள் வரிச் சலுகை பற்றிக் கேட்பார்கள். நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தரும் பதிவு (1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80ஜி) நிர்வாகத்துக்கு இருக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பதிவு இருந்தாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது என்பதால், காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ தரச் சொல்லுங்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இச்சலுகை இல்லை.

வெளிநாட்டு உறவினர்களின் பணத்தில் கூடுதல் கவனம் தேவை. துபாயில் வேலை செய்யும் மாமா இந்தியக் குடியுரிமையோடு இருந்து, தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. கனடாக் குடியுரிமை பெற்றுவிட்ட அத்தை அனுப்பினால், அவர் நம் தெருவில் பிறந்தவரே ஆனாலும், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் அது வந்துவிடும். அச்சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத நிர்வாகம் அதைத் தொடவே கூடாது.

மாணவர் சேர்க்கை நடக்கும் மாதங்களில் நிதி திரட்டாமல் இருப்பதும் நல்லது. சேர்க்கைக்காகப் பணம் வாங்குவதைக் கர்நாடகம் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தடைசெய்திருக்கிறது. நாம் நல்லெண்ணத்தோடு கேட்டாலும், இடம் தேடி வந்து நிற்கும் பெற்றோரின் காதில் அது வேறு விதமாக விழும்.

மூன்றாம் படி: ஆட்களைச் சேர்த்தல்

புதிதாகக் குழு அமைப்பதைவிட, பங்கில் ஏற்கெனவே இருக்கும் அன்பியங்களை, அதாவது அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்களை, பயன்படுத்துவது எளிது. ஓர் அன்பியத்துக்கு ஒரு கடை என்று பிரித்துவிட்டால், யார் மாவு அரைப்பது, யார் பாத்திரம் கொண்டுவருவது என்பதையெல்லாம் அவர்களே தங்களுக்குள் பேசி முடித்துக்கொள்வார்கள். பள்ளியில் படிக்கும் இந்து, இஸ்லாமியக் குடும்பங்கள் இந்த ஏற்பாட்டில் விடுபட்டுப் போகும் ஆபத்து உண்டு என்பதால், பெற்றோர் சங்கத்தின் பெயரில் தனியாக இரண்டு கடைகளை ஒதுக்குங்கள். அறிவிப்புகளைக் கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒட்டுங்கள். கன்னடம் எழுதுவதற்கு நான்காம் வகுப்புப் பிள்ளைகளே போதும், பெரியவர்களைவிட அழகாக எழுதுவார்கள்.

நான்காம் படி: நாள் குறித்தல்

ஆகஸ்ட் 29 அன்று சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தில் கொடியேறியது முதல் செப்டம்பர் 8 திருவிழா வரை, நம் மக்களில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலமும் பொருந்தாது. கர்நாடக ராஜ்யோத்சவம் (நவம்பர் 1), கல்லறைத் திருநாள் (நவம்பர் 2) இரண்டும் முடிந்து, தொழிற்சாலைகளில் சம்பளம் போட்ட பிறகு வரும் நவம்பர் இரண்டாம் ஞாயிறு எங்களுக்குப் பொருத்தமாக அமைந்தது. குழந்தைகள் தினமும் அதை ஒட்டியே வருவதால் பிள்ளைகளின் நிகழ்ச்சியையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்த மாதத்திலும் தூறல் உண்டு, ஆகவே ஷாமியானாவுக்குச் சொல்லிவைத்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: அடக்க விலையைக் கணக்கிடுதல்

முதன்முறை நடத்துவோர் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். மாலை வரை கூட்டம் அலைமோதும், கல்லாவும் நிறையும், இரவில் கணக்குப் பார்த்தால் பிரியாணிக் கடை நட்டத்தில் முடிந்திருக்கும். ஒவ்வொரு பண்டத்துக்கும் தனித்தாளில் அடக்கத்தை எழுதுங்கள்.

சுண்டலை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ கொண்டைக்கடலை ஊறி வெந்தபின் ஏறத்தாழ இரண்டு கிலோ ஆகும். ஒரு தொன்னைக்கு 100 கிராம் என்றால், ஐந்து கிலோ கடலையில் 100 தொன்னை நிரப்பலாம். கடலைக்கு 550 ரூபாய், தேங்காய், எண்ணெய், தாளிப்புக்கு 250, தொன்னைக்கு 200 என்று வைத்தால் மொத்தம் 1,000 ரூபாய். ஒரு தொன்னையின் அடக்கம் 10 ரூபாய். அதை 20 ரூபாய்க்கு விற்றால் 1,000 ரூபாய் மிஞ்சும். பிரியாணியில் இந்த அளவு மிச்சம் எளிதில் வராது, அதோடு மீந்துபோனால் இழப்பும் பெரிது. அதனால் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் சமைப்பதே பாதுகாப்பு. பணியாரம், கொழுக்கட்டை, சுண்டல் மூன்றும்தான் எங்கள் விழாவைத் தூக்கி நிறுத்தின. பக்கத்துக் கடையில் கன்னடத் தாய்மார்கள் போட்ட பிசிபேளே பாத் பதினோரு மணிக்கே தீர்ந்துவிட்டது என்பதைச் சற்றுப் பொறாமையோடு குறிப்பிடுகிறேன். ஒருவர் அரிசி மூட்டையை இலவசமாகத் தந்தால், அதன் சந்தை விலையை நன்கொடையாக எழுதிக்கொண்டு செலவிலும் காட்டுங்கள், அப்போதுதான் அடுத்த ஆண்டு உண்மையான அடக்கம் தெரியும்.

தற்காலிக உணவுக் கடைகளும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பதிவு முறைக்குள் வருபவையே என்பதால் அதையும் முன்கூட்டியே விசாரித்து முடியுங்கள். 2022 ஜூலை 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தட்டுக்கும் கோப்பைக்கும் நாடு முழுவதும் தடை இருக்கிறது. பாக்குமட்டைத் தட்டு வாங்குங்கள். பரிசுக் குலுக்கல் சீட்டு விற்கலாமே என்று ஒருவர் கட்டாயம் யோசனை சொல்வார். கர்நாடகத்தில் 2007இலேயே லாட்டரி தடைசெய்யப்பட்டுவிட்டது. பள்ளி வளாகத்தில் அந்தச் சிக்கலே வேண்டாம், வளையம் எறியும் விளையாட்டு போதும்.

ஆறாம் படி: கூப்பன்

கடைகளில் யாரும் பணத்தைக் கையால் தொடக் கூடாது. வாசலில் ஒரே மேசை, அங்கே 10 ரூபாய் கூப்பன், கடைகளில் கூப்பன் மட்டும். ஒவ்வொரு கூப்பனிலும் வரிசை எண் அச்சிட்டு, பள்ளி முத்திரையும் குத்துங்கள். விற்ற முதல் எண்ணும் கடைசி எண்ணும் தெரிந்தால் கல்லாவில் இருக்க வேண்டிய தொகை தானாகவே தெரிந்துவிடும். சில்லறைத் தட்டுப்பாட்டுக்கும் வழி இருக்கிறது: ஞாயிறு காணிக்கைப் பையில் விழும் நாணயங்களைப் பங்குத்தந்தையிடம் கேட்டு நோட்டாக மாற்றிக்கொள்ளுங்கள், எண்ணித் தருபவருக்கும் சுமை குறைந்த மகிழ்ச்சி. ரொக்கத்தை எண்ணும்போது ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் சேர்ந்து எண்ணி, அதே தாளில் இருவரும் கையெழுத்திட வேண்டும்.

ஏழாம் படி: விழா நாள்

ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் எழுத்து அனுமதி வாங்கியிருக்க வேண்டும். கொதிக்கும் எண்ணெய்ப் பக்கம் பிள்ளைகள் வராதபடி கயிறு கட்டுங்கள். குடிநீர், முதலுதவிப் பெட்டி, குப்பைக்கு இரண்டு வகைத் தொட்டி ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பொறுப்பாளர் போதும். மற்றவை தாமாக நடக்கும்.

எட்டாம் படி: கணக்கை ஒட்டுதல்

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் வெளியே வருமுன், வரவு, செலவு, மிச்சம் மூன்றையும் ஆலய வாசல் பலகையிலும் பள்ளிப் பலகையிலும் ஒட்டிவிடுங்கள். நட்டப்பட்ட கடையையும் மறைக்காமல் எழுதுங்கள். நன்றிப் பட்டியலில் தொகைகளைப் போடாமல் பெயர்களை அகரவரிசையில் மட்டும் எழுதுங்கள். ஐயாயிரம் ரூபாய் தந்தவரின் பெயரும், அன்று மாலை அண்டா தேய்த்தவரின் பெயரும் அடுத்தடுத்து வரட்டும். எங்கள் பள்ளியில், முதல் ஆண்டு ஒதுங்கி நின்ற பல தாய்மார்கள் அந்தப் பட்டியலைப் படித்துவிட்டுத்தான் மறு ஆண்டு தாங்களாகவே வந்து பெயர் கொடுத்தார்கள்.

இலக்கை எட்டாமல் 48,000 ரூபாயோடு நின்றுவிட்டால், ஆறு குழாய்க்குப் பதிலாக நான்கு குழாய் போடுவதா, மீதிக்குக் காத்திருப்பதா என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டு முடிவெடுங்கள்; திரட்டிய பணத்தை வேறு செலவுக்குத் திருப்பாதீர்கள். விற்காத கூப்பன்களை இருவர் முன்னிலையில் எண்ணிக் கிழித்து, அந்த எண்களையும் நோட்டில் எழுதுங்கள். அடக்க விலைத் தாள்கள், ரசீதுகள், கொத்தனாரின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் அதே நோட்டில் ஒட்டி, அடுத்த பொருளாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.