போனில் வங்கிக் கணக்கு: பணம் எந்த வழியாகப் போகிறது, அதை எப்படி அடைப்பது

வங்கிச் செயலியின் தகவலைப் பூட்டும் குறியாக்கத்தை உடைத்துப் பணம் திருடுவது மிக அரிது. திருடர்களுக்கு அந்த உழைப்பு தேவைப்படுவதே இல்லை. கடவுச்சொல்லைத் தட்டுவது, ஓடிபி வருவது, கடவுச்சொல் மறந்தால் மாற்றுவதற்கான மின்னஞ்சல் வருவது எல்லாமே ஒரே போனில் நடக்கின்றன. அந்தப் போனோ, போன் எண்ணோ வேறொருவர் வசமானால் கணக்கும் அவர் வசம்தான். எனவே காக்க வேண்டியது வங்கிச் செயலியை மட்டும் அல்ல, அந்த இரண்டையும்தான். அதிகச் சேதம் செய்யும் வழியிலிருந்து தொடங்குவோம்.

ஏபிகே கோப்பும் ஆக்சஸிபிலிட்டி அனுமதியும்

ஆண்ட்ராய்டு போன்களைக் குறிவைக்கும் வங்கித் திருட்டு நிரல்களில் பெரும்பாலானவை ஒரே பாணியில் வேலை செய்கின்றன. பார்சல் நிலவரம், அபராத ரசீது, வங்கிச் செயலியின் 'அவசர அப்டேட்' என்று ஏதோ ஒரு பெயரில் குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ ஒரு இணைப்பு வரும். அதைத் தொட்டால் ஒரு ஏபிகே கோப்பு, அதாவது ஸ்டோர் இல்லாமலே ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு, இறங்கும். நிறுவியதும் அந்தச் செயலி ஆக்சஸிபிலிட்டி அனுமதியைக் கேட்கும். 2022இல் ஐரோப்பியக் காவல்துறைகள் கூட்டாக முடக்கிய ஃப்ளூபாட் என்ற திருட்டு நிரல் பரவியதும் இப்படித்தான், பார்சல் செய்தி வழியாக.

ஆக்சஸிபிலிட்டி என்பது பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டவும், கையை அசைக்க முடியாதவர்களுக்காகப் பொத்தான்களை அழுத்தவும் உருவான வசதி. அதை ஒரு திருட்டு நிரலிடம் கொடுத்தால் திரையில் உள்ளதைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாக அழுத்தும், மற்ற அனுமதிகளுக்கும் தானே 'அலோ' தட்டிக்கொள்ளும். நீங்கள் வங்கிச் செயலியைத் திறக்கும்போது அதன் மேலேயே அச்சு அசலான போலித் திரையை விரிக்கும். ஓடிபி வந்ததும் படித்துவிட்டு அறிவிப்பை மறைத்துவிடும். பரிவர்த்தனை உங்கள் சொந்தப் போனிலிருந்தே நடப்பதால் வங்கியின் கண்காணிப்புக்கும் அது வழக்கமான வாடிக்கையாளராகவே தெரியக்கூடும். இதனால்தான் இந்த வகைத் திருட்டு மற்ற எல்லாவற்றையும்விட ஆபத்தானது.

2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 இதற்கு ஒரு தடுப்பு வைத்தது. பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து நிறுவிய செயலிக்கு ஆக்சஸிபிலிட்டியைக் கொடுக்கப் போனால் 'ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்' என்று மறுக்கும். மூன்று புள்ளி மெனுவுக்குள் போய் அந்தத் தடுப்பை நீக்கும்படி எந்தச் செயலியோ, போனில் பேசும் எந்த ஆளோ வழிகாட்டினால், அந்த நிமிடமே நிறுத்திவிட்டுச் செயலியை நீக்குங்கள். நேர்மையான எந்த வங்கிக்கும் அந்த வழிகாட்டுதல் தேவைப்படாது.

இப்போதே பார்க்க வேண்டிய இடங்கள் (போனின் நிறுவனத்தைப் பொறுத்து மெனுவின் பெயரும் இடமும் சற்று மாறும், கிடைக்காவிட்டால் செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் தட்டுங்கள்):

1. செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, டவுன்லோடட் ஆப்ஸ். நீங்களே தெரிந்து இயக்கியவை தவிர மற்ற எல்லாம் 'ஆஃப்' என்றே இருக்க வேண்டும்.
2. செட்டிங்ஸ், ஆப்ஸ், ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ். இதற்குள் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' பட்டியலில் பிரவுசர், வாட்ஸ்அப், ஃபைல் மேனேஜர் மூன்றும் மறுக்கப்பட்டிருக்க வேண்டும். அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி, மற்றச் செயலிகளின் மேல் திரை காட்டும் அனுமதி, போனையே நிர்வகிக்கும் அனுமதியான டிவைஸ் அட்மின் ஆகிய மூன்று பட்டியல்களையும் பாருங்கள். ஸ்மார்ட் வாட்சின் செயலிக்கு அறிவிப்பு அனுமதி இருப்பது இயல்பு. டார்ச் லைட் செயலிக்கு இருந்தால் இயல்பல்ல.
3. குறுஞ்செய்தி படிக்கும் அனுமதி எந்தெந்தச் செயலிகளிடம் இருக்கிறது என்பதை பெர்மிஷன் மேனேஜரில் பாருங்கள். பட்டியல் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

ஐபோனில் இந்த ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. 2024 தொடக்கத்தில் வெளிச்சத்துக்கு வந்த கோல்ட்பிக்ஆக்ஸ் என்ற நிரல், நிறுவனங்கள் தம் போன்களை நிர்வகிக்கப் பயன்படுத்தும் 'புரொஃபைல்' வழியாக ஐபோனுக்குள் புகுந்து, முகத்தின் வீடியோவையே எடுத்தது. செட்டிங்ஸ், ஜெனரல், விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட் என்று போய்ப் பாருங்கள். அலுவலகம் கொடுத்த போன் அல்ல என்றால் அங்கே புரொஃபைல் எதுவும் இருக்கத் தேவையில்லை.

அதே ஆண்டு தெரியவந்த என்கேட் என்ற ஆண்ட்ராய்டு நிரல் சற்று வேறு வகை. வங்கிக் கார்டைப் போனின் பின்புறம் வைத்து பின் எண்ணைத் தட்டச் சொல்லும். போனின் என்எஃப்சி (அருகில் வைத்த கார்டைப் படிக்கும் வசதி) படிக்கும் கார்டுத் தகவல் உடனுக்குடன் திருடனின் போனுக்குப் போய், அவன் ஏடிஎம்மில் பணம் எடுப்பான். சில உண்மையான வங்கிச் செயலிகளும் கார்டைத் தொடச் சொல்வதுண்டு. ஆகவே இந்த விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஸ்டோரிலிருந்து நீங்களே நிறுவிய செயலியில், நீங்களே தொடங்கிய வேலைக்கு மட்டும் கார்டை வையுங்கள். யாரோ அழைத்துச் சொல்லி வைக்காதீர்கள்.

போன் எண்ணைப் பறிப்பது

எண் பறிபோக மூன்று வழிகள் உண்டு. மூன்றுக்கும் தடுப்பு வேறு வேறு.

முதலாவது, பூட்டிய போனிலிருந்து சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுவது. ஸ்கிரீன் லாக் இதைத் தடுக்காது, சிம் பின் தடுக்கும். ஆண்ட்ராய்டில் செக்யூரிட்டி பகுதியில் 'சிம் லாக்', ஐபோனில் செல்லுலார் பகுதியில் 'சிம் பின்'. இயக்கும்போது பழைய பின்னைக் கேட்கும். அது தொலைபேசி நிறுவனம் முன்கூட்டியே வைத்தது; ஊகித்துத் தட்டாமல் முதலில் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு அந்தப் பூட்டைத் திறக்கும் எட்டு இலக்க பியூகே எண்ணைக் கேட்கும். அதையும் பத்து முறை தவறவிட்டால் அந்த சிம் நிரந்தரமாகச் செத்துவிடும், புதிதுதான் வாங்க வேண்டும். போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இசிம் என்றால் கழற்றும் பேச்சே இல்லை.

இரண்டாவது சிம் ஸ்வாப். உங்கள் பெயரில் தொலைபேசி நிறுவனத்தை ஏமாற்றி மாற்று சிம் வாங்கிவிடுவார்கள். சிம் பின் இதற்கு உதவாது. எண்ணை மாற்றவோ வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகவோ கூடுதல் கடவுச்சொல் கேட்கும் வசதியை உங்கள் நிறுவனம் தருகிறதா என்று விசாரித்து, இருந்தால் இயக்குங்கள். பக்கத்தில் இருப்பவரின் அதே நிறுவன எண்ணில் சிக்னல் இருக்க, உங்களுடையதில் மட்டும் திடீரென்று 'நோ சர்வீஸ்' வந்தால் அது எச்சரிக்கை. ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் காலை வரை காத்திருக்காமல், வேறு போனிலிருந்து முதலில் வங்கியையும் அடுத்து தொலைபேசி நிறுவனத்தையும் அழையுங்கள்.

மூன்றாவது, அழைப்பு மாற்றம். ஏதோ காரணம் சொல்லி, நட்சத்திரக் குறியும் ஒரு போன் எண்ணும் கலந்த குறியீட்டைத் தட்டச் சொல்வார்கள். அது *21* அல்லது **21* என்று தொடங்கினால், உங்களுக்கு வரும் எல்லா அழைப்புகளும் அந்த எண்ணுக்குத் திரும்பிவிடும்; குரல் அழைப்பில் வரும் ஓடிபியும் அதோடு போய்விடும். *#21# தட்டினால் முழு மாற்றம் இருக்கிறதா என்று தெரியும். பிஸியாக இருக்கும்போது மாறுவதற்கு *#67#, எடுக்காதபோது மாறுவதற்கு *#61#, தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கும்போது மாறுவதற்கு *#62#. பின்னால் சொன்ன மூன்றிலும் வாய்ஸ்மெயில் எண் தெரிந்தால் பயப்பட வேண்டாம். தெரியாத எண் இருந்தால் ##002# எல்லா மாற்றங்களையும் ரத்து செய்யும்.

வங்கியில் ஓடிபிக்குப் பதிலாகச் செயலிக்குள்ளேயே ஒப்புதல் தரும் வசதியோ, கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் போனின் பூட்டைத் திறந்தே உள்நுழையும் பாஸ்கீயோ இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள். குறுஞ்செய்தி பலவீனமான வழி. 2017இல் தொலைபேசி வலைப்பின்னல்களை இணைக்கும் எஸ்எஸ்7 முறையின் ஓட்டை வழியாக ஜெர்மனியில் ஓடிபிகளைத் திருப்பிவிட்டுக் கணக்குகளைக் காலி செய்தார்கள். வங்கியின் பெயரில் வரும் போலிச் செய்தி, உண்மையான வங்கிச் செய்திகளின் அதே வரிசையிலேயே போய் உட்காரும் என்பதையும் மறக்காதீர்கள்.

போன் தொலைவது

ஸ்கிரீன் லாக் குறைந்தது ஆறு இலக்கம் இருக்கட்டும். கோடு இழுக்கும் பேட்டர்னைத் தோளுக்குப் பின்னால் நின்று ஒருமுறை பார்த்தாலே பதிந்துவிடும். வங்கிச் செயலியின் பின் வேறாக இருப்பது கட்டாயம். பின்னைப் பார்த்துக்கொண்டு பிறகு போனைப் பறிக்கும் கும்பல்கள் உண்டு. ஒரே எண் என்றால் அவர்களுக்கு இரண்டும் கிடைத்துவிடும். ஐபோனில் ஐஓஎஸ் 17.3 முதல் உள்ள 'ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்‌ஷன்' வழக்கமான இடத்துக்கு வெளியே முக்கிய மாற்றங்களுக்கு முகத்தையோ விரலையோ கேட்டு, சிலவற்றுக்கு ஒரு மணி நேரம் காக்கவும் வைக்கும். இயக்கி வையுங்கள்.

லாக் ஸ்கிரீனில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மறையுங்கள். இல்லாவிட்டால் பூட்டிய போனிலேயே ஓடிபியைப் படிக்கலாம். கார்டின் படத்தை கேலரியிலும் பின் எண்ணை நோட்ஸிலும் வைக்காதீர்கள். தினசரிப் பரிமாற்ற வரம்பை அன்றாடத் தேவைக்கு ஏற்பக் குறையுங்கள். முடிந்தால் சேமிப்பின் பெரும்பகுதியைப் போனில் இணைக்காத கணக்கில் வையுங்கள். மற்ற எல்லாத் தடுப்பும் தோற்றாலும் இழப்பைச் சுருக்குவது இந்த இரண்டும்தான்.

பொது வைஃபையைப் பற்றி மக்கள் அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள். வங்கிச் செயலியின் தகவல் போக்குவரத்து குறியாக்கப்பட்டே போகிறது. இணைப்பு நம்பத்தக்கதல்ல என்ற சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் மட்டும் தொடராதீர்கள். மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள். பிரவுசரின் பூட்டுச் சின்னம் இணைப்பு குறியாக்கப்பட்டது என்று மட்டுமே சொல்லும், தளம் நேர்மையானது என்று சொல்லாது.

போனில் பேசுபவர்

'உங்கள் கணக்கில் திருட்டு நடக்கிறது' என்று பதற்றத்துடன் பேசுபவரின் எண் வங்கியின் எண்ணாகவே திரையில் தெரியலாம். அதைப் போலியாக்க முடியும். வைத்துவிட்டு, கார்டின் பின்புறம் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். தேடல் முடிவில் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்ணுக்கு வேண்டாம், போலி எண்கள் அங்கே நிறைய. திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்பவர் வங்கி ஊழியர் அல்ல.

நடந்துவிட்டால்

தவறான செயலியை நிறுவிவிட்டதாகத் தெரிந்தால் முதலில் ஃப்ளைட் மோட் போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து வேறொருவர் போனிலிருந்து வங்கியை அழைத்து இணைய வங்கி, கார்டு இரண்டையும் முடக்கச் சொல்லி, புகார் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். கடவுச்சொற்களை மாற்றுவது வேறு சாதனத்தில், மின்னஞ்சலில் தொடங்கி. பாதித்த போனிலேயே மாற்றினால் புதியதும் திருடனிடம் போகும். செயலியை நீக்கப் போனால் திரை தானாகப் பின்னுக்குப் போகிறதா? பவர் மெனுவில் 'பவர் ஆஃப்' மேல் அழுத்திப் பிடித்து சேஃப் மோடில் தொடங்குங்கள். அங்கே வெளிச் செயலிகள் ஓடாது. டிவைஸ் அட்மினிலிருந்து அதை எடுத்துவிட்டு நீக்குங்கள். ஆனால் புகாருக்குச் சான்றாக அந்தச் செய்தியையும் இணைப்பையும் அதற்கு முன்பே வேறு போனால் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசியாக ஃபேக்டரி ரீசெட். பேக்கப்பிலிருந்து படங்களையும் தொடர்பு எண்களையும் மட்டும் மீட்டு, செயலிகளை ஸ்டோரிலிருந்து ஒவ்வொன்றாக நிறுவுங்கள்.