எவனுக்கும் இல்லாத பெயர் வேண்டுமா? முதலில் கூப்பிட்டுப் பாருங்கள்

22 வருஷமாக வகுப்பில் வருகைப் பதிவேடு வாசிக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். பெயர்களைக் கடகடவென்று வாசித்துக்கொண்டே போவேன். ஓரிடத்தில் நாக்கு நின்றுவிடும். நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சில் ஒரு கை உயரும்: "நான்தான் மிஸ்." அவன் பெயரை நான் இன்னும் சொல்லவே இல்லை. என் தயக்கத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டான். எத்தனை டீச்சர்களிடம் பழகிய பழக்கமோ!

இதற்குப் பயந்து எல்லோரும் வைக்கும் பெயரையே வைத்தாலும் தொல்லைதான். ஒரே வகுப்பில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் பிள்ளைகளே 'நெட்டை', 'குட்டை', 'கண்ணாடி' என்று பிரித்துவிடுகிறார்கள். நாலாமவனுக்கு என்ன அடைமொழி என்று எழுத மனம் வரவில்லை.

போன வருஷம் என் தம்பிக்குப் பையன் பிறந்தான். மறுவாரமே தம்பி ஃபோனோடு வந்து நின்றான். "அக்கா, எவனுக்கும் இல்லாத பேரா வேணும். நாப்பது எடுத்து வெச்சிருக்கேன், பாரு." பார்த்தேன். பாதிப் பெயர்கள் பழைய பெயர்தான். நடுவில் ஒரு 'எச்', கடைசியில் இரண்டு 'ஏ' சேர்த்துப் புதுசாக்கியிருந்தார்கள். இது அபூர்வமே இல்லை. காதுக்கு அதே பெயர், கைக்கு மட்டும் ஆயுள் தண்டனை. ஒவ்வொரு கவுன்ட்டரிலும் "நடுவுல ஒரு எச் வரும் சார்" என்று சொல்லிக்கொண்டே திரிய வேண்டியவன் அவன். அவற்றை முதலில் அடித்துவிடுங்கள்.

அடுத்து அர்த்தம். பட்டியலில் போட்டிருக்கும் அர்த்தத்தை நம்பாதீர்கள். தம்பியின் பட்டியலில் 'ஆரவ் – அமைதியானவன்' என்று இருந்தது. சமஸ்கிருதத்தில் ஆரவம் என்றால் கூச்சல், ஒலி. 'ஆரவாரம்' என்று நாம் சொல்லும்போதே காது கேட்டிருக்க வேண்டாமா? பச்சைக்குழந்தைக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான் என்றாலும், அமைதி என்று நினைத்து வைக்கக் கூடாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வந்தது. இப்போது இணையத்தில் இலவசமாகத் தேடலாம். எந்தப் பெயரையும் அதில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். எல்லா அர்த்தத்தையும் படியுங்கள், பிடித்த ஒன்றோடு நிறுத்தாதீர்கள். வல்வில் ஓரி கொல்லிமலையை ஆண்ட வள்ளல், பெயரும் இரண்டே எழுத்து, அழகு. அதே அகராதியில் ஓரி என்றால் கிழநரி என்றும் வரும். தெரிந்து வைத்தால் தப்பில்லை.

எங்கே தேடுவது என்றால், நான் சங்க இலக்கியத்தின் பக்கம்தான் கை காட்டுவேன். ஏறக்குறைய 2,000 வருஷம் பழைய பெயர்கள், ஆனால் வாயில் வைத்தால் நேற்றுச் செய்தது மாதிரி இருக்கின்றன. ஆதன், கீரன், எவ்வி, வழுதி, சென்னி, பொறையன். ஆதன் என்ற பெயர் கீழடிப் பானை ஓட்டிலும் இருக்கிறது, புகலூர்க் கல்வெட்டில் சேர அரசன் பெயரிலும் இருக்கிறது. பானையில் கீறிக்கொண்டவனுக்கும் அரசனுக்கும் ஒரே பெயர்! எனக்கு இதைவிடப் பிடித்தது புலவர்கள் பெயர். ஒருவருக்குப் பெயரே தெரியாமல், அவர் எழுதிய உவமையை வைத்துச் செம்புலப்பெயனீரார் என்று அழைத்திருக்கிறார்கள். அதை அப்படியே பிள்ளைக்கு வைக்கச் சொல்லவில்லை. ஆனால் பெயர்ப் பட்டியலுக்கே வராத நல்ல சொல்லும் பெயராகலாம் என்ற தைரியம் அதிலிருந்து வரும். பருதி, குன்றன், தும்பி, வேங்கை.

பழம்பெயரில் ஒரு பள்ளம் உண்டு. எழினி என்பது அதியமான் குடியில் ஆண்பிள்ளைப் பெயர். அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினி. இன்றைக்கு 'இனி' என்று முடிந்தாலே பெண் என்று எடுத்துக்கொள்வார்கள். பையனுக்கு வைத்தால் வரும் கடிதமெல்லாம் 'செல்வி' என்றுதான் வரும். அது பரவாயில்லை என்றால் வையுங்கள்.

இப்போது முக்கியமான சோதனை. பெயரை எழுதிப் பார்க்காதீர்கள், கூப்பிட்டுப் பாருங்கள். பெற்றவர்கள் அந்தப் பெயரை ஆயிரம் முறை சொன்னால் தொள்ளாயிரம் முறை விளியாகத்தான் சொல்லப் போகிறார்கள். தொல்காப்பியத்தில் இதற்கென்றே விளிமரபு என்று ஓர் இயல் இருக்கிறது. 'அன்' என்று முடியும் பெயர் 'ஆ' ஆகும், 'இ' என்று முடிவது 'ஈ' என்று நீளும். கீரன் கீரா ஆவான். வழுதி வழுதீ ஆவான். மாறன் நல்ல பெயர், ஆனால் "ஏ, மாறா!" என்று கூப்பிட்டுப் பாருங்கள், 'ஏமாறா' என்று கேட்கும். அப்பா பெயர் 'ஏ'வில் தொடங்கினால் பதிவேட்டில் நிரந்தரமாகவே ஏ. மாறன். இனிஷியலோடு சேர்த்துச் சத்தமாகப் படிக்க மறக்காதீர்கள்.

அடுத்தது கேலிச் சோதனை. இதைப் பெரியவர்களிடம் செய்து பயனில்லை, அவர்கள் "அருமை" என்பார்கள். பத்து வயசுப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் பெயரைச் சொல்லிவிட்டு ஐந்து நிமிஷம் சும்மா இருங்கள். கடையெழு வள்ளல்களில் ஆய் ஒருவர். நான் சொல்லி முடிக்கும் முன்னே என் வகுப்பு சிரித்து உருண்டது. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் ஒரே நொடியில் 'பேக்கு' ஆனான். கிள்ளி என்றதும், "மிஸ், கிள்ளி கிள்ளிட்டான்!" சோழ வம்சமே அவமானப்பட்ட நாள் அது. எந்தப் பெயரையும் பிள்ளைகள் எதையாவது செய்வார்கள். ஒரே நொடியில் செய்ய முடிந்தால் மட்டும் யோசியுங்கள்.

ஆங்கில எழுத்து விஷயத்தை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். ஆதனை மூன்று நாலு விதமாக எழுதலாம். ஒரு விதத்தை 'அதன்' என்றே படிப்பார்கள். ழகரத்துக்கு 'இசட் எச்' போட்டால் தமிழ் தெரியாதவர் 'ஸ' என்பார். தெரிந்தே ஏற்றுக்கொள்ளலாம், என்னைக் கேட்டால் ழகரத்துக்காக அந்தக் கஷ்டம் தகும். நீளத்தையும் பாருங்கள். பாஸ்போர்ட்டின் அடியில் கணினி படிக்கும் வரியில் 44 இடம். ஆவண வகைக்கும் நாட்டுக் குறியீட்டுக்கும் 5 போக, குடும்பப் பெயர் உட்பட முழுப் பெயருக்கும் 39. மேற்கோள் குறி, கோடு எதுவும் அந்த வரியில் ஏறாது, ஆங்கிலத்தின் A முதல் Z வரை உள்ள எழுத்துகள் மட்டும்தான். முடிவான எழுத்துக்கூட்டலைத் தாளில் பெரிதாக எழுதி, பிறப்பைப் பதியும்போது வாயால் சொல்லாமல் அந்தத் தாளையே நீட்டுங்கள். என் சொந்தப் பெயரில் ஒரு 'ண' 'ன' ஆகி, அதைத் திருத்த நான் அலைந்தது தனிக்கதை.

தம்பியின் நாற்பது கடைசியில் மூன்றாகச் சுருங்கியது. ஒவ்வொன்றையும் இரண்டு நாள் வைத்துக்கொள்ளச் சொன்னேன். குளிப்பாட்டும்போது, பால் கொடுக்கும்போது, ராத்திரி அழும்போது எல்லாம் அந்தப் பெயர்தான். ஒன்று தூக்கக் கலக்கத்தில் வாயில் வரவே இல்லை, போயிற்று. மற்ற இரண்டையும் மொட்டைமாடியில் நின்று கத்திப் பார்க்கச் சொன்னேன். முதலாவதைக் கத்தினான், தெருவில் யாரும் திரும்பவில்லை. இரண்டாவதைக் கத்தியதும் எதிர்வீட்டுப் பாட்டி ஜன்னலைத் திறந்து, அந்தப் பெயரை ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்லி, "யாருப்பா அது, காணாமப் போயிட்டானா?" என்றார்.

அந்தப் பெயரைத்தான் வைத்தோம். என்ன பெயர் என்று கேட்காதீர்கள். இங்கே சொன்னால் அடுத்த ஜூனில் என் பதிவேட்டில் நாலு பேர் வந்து உட்கார்வார்கள்.