வெளிநாட்டில் வங்கிக் கார்டு தொலைந்துவிட்டால்: முதல் முறை பயணிப்போருக்கான செய்முறை விளக்கம்

காவேரிப்பட்டணத்து மாங்கூழ் ஆலைக்காரர் உணவுக் கண்காட்சிக்காகத் துபாய் செல்வதும், அரூரில் இருக்கும் பெற்றோர் மகள் வீட்டுக்குச் சிங்கப்பூர் செல்வதும் தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இன்று சர்வசாதாரணமாகிவிட்டன. விசா, டிக்கெட், பெங்களூரு விமான நிலையத்துக்கு வாடகைக் கார் என எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்கிற நாம், கையிலிருக்கும் ஒரே டெபிட் கார்டு அங்கே தொலைந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் யோசிப்பதில்லை.

புறப்படும் முன்

வங்கியில் பதிவு செய்த செல்பேசி எண்ணுக்கு ரோமிங் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே போய் உள்ளூர் சிம் வாங்கிக்கொள்ளலாம் என்று இந்திய சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போவோர் பலர். நெட் பேங்கிங்கில் நுழைவதற்கான ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும் என்பதால், சிம் பாலக்கோட்டு வீட்டு அலமாரியில் கிடந்தால் அங்கே உங்கள் கை கட்டப்பட்டதாகிவிடும்.

கார்டின் கடைசி நான்கு எண்கள், கணக்கு எண், வங்கியின் +91 எனத் தொடங்கும் வாடிக்கையாளர் சேவை எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, பர்ஸில் அல்லாமல் பெட்டியில் வையுங்கள். நகல் ஒன்று வீட்டாரிடமும் இருக்கட்டும். 1800 எனத் தொடங்கும் கட்டணமில்லா எண்கள் வெளிநாட்டிலிருந்து பெரும்பாலும் கிடைப்பதில்லை. பின் எண்ணை எங்கும் எழுத வேண்டாம்.

தொலைந்ததை அறிந்தவுடன்

தேடுவதற்கு முன் முடக்குங்கள். வங்கிச் செயலியில் கார்டுகள் என்ற பகுதிக்குச் சென்றால், தற்காலிகமாக நிறுத்துவது, நிரந்தரமாக முடக்குவது என இரண்டு வழிகள் இருக்கும். ஓட்டல் அறையிலேயே எங்காவது கிடக்கலாம் என்று நம்ப இடமிருந்தால் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத் தேடுங்கள். பர்ஸ் திருடு போயிருந்தாலும், ஏடிஎம் இயந்திரம் கார்டை விழுங்கிவிட்டாலும் தயங்காமல் நிரந்தரமாக முடக்குங்கள். விழுங்கப்பட்ட கார்டை அந்நாட்டு வங்கி உங்களிடம் திருப்பித் தருவது அரிது. நிரந்தரமாக முடக்கிய கார்டு பிறகு கிடைத்தாலும் பயன்படாது என்பதையும், புதிய கார்டு வழக்கமாக வங்கியில் பதிவான ஊர் முகவரிக்கே வரும் என்பதையும் அறிந்தே இதைச் செய்ய வேண்டும்.

ஓடிபி வராமல் எவரும் பணம் எடுத்துவிட முடியாது என்ற தைரியம் இங்கே உதவாது. வெளிநாட்டு இணையக் கடைகள் பலவற்றில் ஓடிபி கேட்பதே இல்லை. கடை இயந்திரத்தில் கார்டைத் தட்டிச் செலுத்தும் சிறு தொகைகளுக்குப் பின் எண்ணும் தேவைப்படுவதில்லை.

செயலி திறக்கவில்லையானால் +91 எண்ணை அழையுங்கள். அந்த எண்ணைக் கூகுளில் தேடி எடுக்காதீர்கள், ஏனெனில் போலி வாடிக்கையாளர் சேவை எண்களைப் பரப்பிவிட்டு இதற்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. வங்கி ஊழியர்கள் பிறந்த தேதி, கடைசியாகச் செய்த பரிவர்த்தனை போன்றவற்றைக் கேட்டு, பேசுவது நீங்கள்தான் என்று உறுதி செய்துகொள்வார்கள். பேசி முடித்ததும் புகார் எண்ணையும், முடக்கிய நேரத்தை இந்திய நேரப்படியும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரம் ஏன் முக்கியம் என்றால், ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிகளின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், புகார் செய்யும் வரையிலான இழப்பு அவருடையது. புகார் செய்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியுடையது. கார்டு உறையிலேயே பின் எண்ணை எழுதி வைப்பதைக் கவனக்குறைவு என்றே வங்கி சொல்லும்.

கைச்செலவுக்கு

கிருஷ்ணகிரியில் இருக்கும் தம்பி, கடைத்தெருவில் உள்ள பணமாற்றுக் கடையிலிருந்து துபாய்க்குப் பணம் அனுப்பிவிடுவான் என்று பலரும் நினைக்கிறார்கள். எம்டிஎஸ்எஸ் எனப்படும் அந்த ஏற்பாடு வெளிநாட்டுப் பணத்தை இங்கே பெறுவதற்கு மட்டுமே உரியது. இங்கிருந்து வங்கி வழியாக அனுப்புவதற்கு, வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பக் கொடுக்கும் விண்ணப்பமான ஏ2 படிவமும் அங்கே பணம் பெறுவோருக்கு ஒரு வங்கிக் கணக்கும் வேண்டும். அவசரத்துக்கு அது ஆகாது.

ஆகவே, வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டு ஒன்றை டெபிட் கார்டிலிருந்து பிரித்து வேறு பையில் வைத்திருப்பதே என் கணிப்பில் மிகச் சிறந்த ஏற்பாடு. சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை, நேபாளம், பிரான்ஸ் போன்ற நாடுகளில் சில கடைகள் யுபிஐ ஏற்கின்றன. செயலியில் பன்னாட்டு வசதியை முன்கூட்டியே இயக்கியிருந்தால், கார்டு இல்லாமலேயே கணக்கிலிருந்து பணம் செலுத்தலாம். விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களின் அவசரப் பண உதவிக்கு உங்கள் வங்கியின் ஒப்புதல் தேவை என்பதால் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

காவல் துறைப் புகார்

திருட்டு என்றால் அங்கேயே புகார் செய்து நகல் வாங்குங்கள். பயணக் காப்பீட்டுக்கும் வங்கிக்கும் அது வேண்டியிருக்கும். தாய்லாந்தில் சுற்றுலாக் காவல் துறையின் எண் 1155. துபாயில் அவசரமற்ற புகார்களுக்கு 901.

ஊர் திரும்பிய பின்

நீங்கள் செய்யாத செலவு கணக்கில் தெரிந்தால், திரும்பும் வரை காத்திராமல் மின்னஞ்சலில் உடனே மறுப்புத் தெரிவித்துவிட்டு, ஊருக்கு வந்ததும் கிளையில் எழுத்துப்பூர்வமாகவும் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

புதிய கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைக்கப்பட்ட நிலையிலேயே வரும். 2020 அக்டோபர் முதல் இதுவே விதி. அடுத்த பயணத்துக்கு முன் செயலியில் அதை இயக்கி, ஒரு நாளைக்கான வரம்பையும் தேவைக்கேற்பக் குறைத்து வையுங்கள்.