பவளத்துண்டுப் பலகைகளில் காரத்தை நீக்கிய என் அனுபவம்

மன்னார் வளைகுடாவில் உயிருள்ள பவளத்துண்டுகளைக் கட்டி வளர்ப்பதற்கான சிமென்ட் பலகைகளைக் கோவை சிங்காநல்லூரிலுள்ள எங்கள் பட்டறையில் வார்த்தபோது, புதுக் கான்கிரீட்டின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 12-ஐத் தாண்டும் என்பதையும், கடல்நீருடையது ஏறத்தாழ 8.1 மட்டுமே என்பதையும் நான் பொருட்படுத்தவில்லை. ஒரு வாரம் ஊறிய பலகையொன்றைச் சோதனைக்காக உப்புநீர் வாளியில் இட்டேன். மறுநாள் பாலாடை போன்ற வெள்ளைப் படலம் மிதந்தது, காரம் கசிவதைக் காட்டுவதுபோல் சோதனைத்தாளும் கருநீலமாயிற்று.

குடிக்கும் சிறுவாணித் தண்ணீரைக் காரம் நீக்கச் செலவிட மனம் வராததால், ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி, மூன்று நாளுக்கொருமுறை மாற்றி, தேங்காய் நாரால் தேய்த்து, ஆறு வாரம் ஊறவைத்த பிறகே அளவு 8.3-க்கு இறங்கியது. ஆடும் துண்டு பலகையில் பற்றாது என்பதால், அடுத்த வார்ப்பில் சைக்கிள் கம்பிகளைச் செருகி உருவி, நைலான் கயிறு இறுக்கிக் கட்ட இரட்டைத் துளைகளும் அமைத்தேன்.