ஸாம்ப் ஓடவில்லையா? அழித்துவிட்டு மறுபடி போடாதீர்கள்

ஆத்தங்குடியிலிருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். டைல்ஸ் செய்கிற குடும்பம். டிசைன்களையெல்லாம் ஒரு வெப்சைட்டில் காட்டலாம் என்று வீட்டுக் கம்ப்யூட்டரில் ஸாம்ப் (வெப்சைட்டை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்க, அபாச்சி என்கிற வெப் சர்வரையும் மைஎஸ்க்யூஎல் என்கிற டேட்டாபேஸையும் சேர்த்துத் தரும் தொகுப்பு) போட்டு, மூன்று வாரமாக ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு. இன்னைக்கு மைஎஸ்க்யூஎல் ஸ்டார்ட் ஆகி உடனே நின்னுபோகுது. அழிச்சிட்டுத் திரும்பப் போட்டுரவா?”

“எதையும் தொடாதப்பா, வர்றேன்.”

எனக்குத் தெரிந்து, அழித்துவிட்டுத் திரும்பப் போடுவதைவிடப் பெரிய தவறு கிடையாது. ஸாம்ப்பை நீக்கும்போது மைஎஸ்க்யூஎல்லின் டேட்டா ஃபோல்டரும் சேர்ந்து போனால், மூன்று வார உழைப்பும் அதோடு போச்சு. அதுவும் கோளாறு என்னவென்றே பார்க்காமல்! ஸாம்ப்பின் கன்ட்ரோல் பேனலில் ‘லாக்ஸ்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. என்ன நடந்தது என்பதை அங்கேதான் எழுதி வைத்திருக்கும். அதன் கடைசிப் பத்து வரிகளைப் படிக்காமல் எதிலும் கை வைக்காதீர்கள்.

இவன் விஷயத்தில் காரணம் எளிது. முந்தின நாள் ராத்திரி கரண்ட் போயிருக்கிறது, யுபிஎஸ் கிடையாது. டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போதே மெஷின் அணைந்தால் ஃபைல்கள் பாதியில் நிற்கும். இதற்கு ஐபிடேட்டா1 என்கிற ஃபைலை அழித்துவிடு என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். எந்த டேபிளில் என்ன இருக்கிறது என்கிற கணக்குப்பிள்ளையே அந்த ஃபைல்தான். அது போனால் டேபிள் பெயர் தெரியும், திறக்காது.

நாங்கள் செய்தது இது. முதலில் எல்லாவற்றையும் நிறுத்தினோம். மைஎஸ்க்யூஎல்லுக்குள் இருக்கும் ‘டேட்டா’ ஃபோல்டருக்கு ‘டேட்டா பழசு’ என்று பெயர் மாற்றினோம். பக்கத்திலேயே இருக்கும் ‘பேக்அப்’ ஃபோல்டரை ஒரு நகல் எடுத்து, அதற்கு ‘டேட்டா’ என்று பெயர் வைத்தோம். பழசிலிருந்து அவனுடைய டேட்டாபேஸ் ஃபோல்டரையும் ஐபிடேட்டா1-ஐயும் மட்டும் இதற்குள் கொண்டுவந்தோம். மைஎஸ்க்யூஎல், பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா, பிஹெச்பிமைஅட்மின் என்கிற பழைய ஃபோல்டர்களைக் கொண்டுவரக் கூடாது. ஸ்டார்ட் கொடுத்தால் ஓடிற்று. எல்லா நேரமும் இது கைகொடுக்கும் என்று சொல்ல மாட்டேன். அதனால் தினமும், டேட்டாபேஸைப் பிரவுசரில் கையாளும் பிஹெச்பிமைஅட்மினில் எக்ஸ்போர்ட் (டேட்டாபேஸின் நகல்) எடுத்து, பென்டிரைவில் போட்டு வையுங்கள்.

அபாச்சி ஓடாததற்குக் காரணம் பெரும்பாலும் போர்ட்தான், அதாவது ஒவ்வொரு புரோகிராமும் தகவல் வாங்குகிற வாசல் எண். செட்டிநாட்டு வளவு வீட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) தனித்தனி அறை, தனித்தனிச் சாவி. ஒரே அறையில் இரண்டு புள்ளி குடியிருக்க முடியாது. அபாச்சிக்கு 80-ம் 443-ம், மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306. விண்டோஸின் சொந்த வெப் சர்வரான ஐஐஎஸ் ஏற்கெனவே 80-இல் உட்கார்ந்திருந்தால் அபாச்சி வெளியேதான் நிற்கும். யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கன்ட்ரோல் பேனலின் ‘நெட்ஸ்டாட்’ பட்டன் காட்டும். பிஐடி (புரோகிராமின் அடையாள எண்) 4 என்று வந்தால் அது விண்டோஸேதான். விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் ‘வேர்ல்ட் வைட் வெப் பப்ளிஷிங் சர்வீஸ்’ ஓடுகிறதா பார்த்து நிறுத்துங்கள். இல்லையென்றால் அபாச்சியின் கான்ஃபிக் ஃபைலில் ‘லிசன் 80’ என்பதை 8080 ஆக்கலாம். மாற்றியவர்களில் பாதிப் பேர், அட்ரஸ் பாரில் லோக்கல்ஹோஸ்ட்டுக்கு (இதே கம்ப்யூட்டர் என்று அர்த்தம்) பின்னால் :8080 சேர்க்க மறந்துவிட்டு மறுபடி எனக்குப் போன் போடுகிறார்கள்!

பிஹெச்பி ஃபைலை டபுள்கிளிக் செய்து திறப்பது இன்னொரு தவறு. கோட் அப்படியே எழுத்தாகத் தெரியும், இல்லையென்றால் எடிட்டரில் திறந்துகொள்ளும். ஃபைல் ஸாம்ப்பின் எச்டிடாக்ஸ் ஃபோல்டருக்குள் இருக்க வேண்டும், பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் வழியாக வர வேண்டும். நோட்பேட் சத்தமில்லாமல் கடைசியில் டாட் டிஎக்ஸ்டி ஒட்டியிருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

போனில் பார்க்க ஆசைப்பட்டு அதிலும் லோக்கல்ஹோஸ்ட் என்றே அடிக்கிறார்கள். போனில் அடித்தால் போன் தன்னைத்தானே தேடும். கம்ப்யூட்டரின் 192.168 என்று தொடங்கும் ஐபியைத்தான் கொடுக்க வேண்டும், ஃபயர்வாலில் அபாச்சிக்கு அனுமதியும் வேண்டும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் கூடுதலாக ஒரு தொல்லை. இரண்டாம் கட்டில் ரவுட்டர், முகப்பில் நீங்கள். அந்தச் சுவரைத் தாண்டி வைஃபை வராது. போன் சொல்லாமல் கொள்ளாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். அதில் 192.168 எந்த ஜென்மத்திலும் திறக்காது. டேட்டாவை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

கிளம்பும்போது தம்பி கேட்டான்: “மலேசியாவுல சித்தப்பாவும் பார்க்கிற மாதிரி ரவுட்டர்ல போர்ட் திறந்து விட்டுரலாமாண்ணே?” ஸாம்ப் போட்டதும் டேட்டாபேஸின் ‘ரூட்’ என்கிற தலைமைக் கணக்குக்குப் பாஸ்வேர்டே இருக்காது. இது வீட்டுக்குள் பழகிப் பார்க்கிறதுக்குச் செய்தது, ஊருக்குத் திறந்து வைக்கிறதுக்கில்லை. சித்தப்பாவுக்கு இப்போதைக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன்.